காலிஷ் சாசனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“1264-இல் போலந்து மன்னர் யூதர்களுக்கு உரிமை வழங்கினார்.” இந்த ஒரு வரி பல கட்டுரைகளில் வருகிறது, பிழையோடு. அந்த ஆண்டில் போலந்துக்கு முடிசூடிய மன்னரே கிடையாது. நாடு சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. காலிஷ் நகரில் சாசனம் தந்த போலெஸ்வாவ், ‘பெரும் போலந்து’ என்ற மேற்குப் பகுதியின் கோமகன் மட்டுமே. வேறு கோமகனின் கீழிருந்த கிராக்கோ நகரில் அவர் ஆணை செல்லாது. பின்னாளில் போலந்து மன்னரான மூன்றாம் கஸிமிர் 1334-இலும் பிறகு 1360-களிலும் அதை உறுதிசெய்து விரித்த பின்புதான் அது நாட்டளவில் பேசப்பட்டது.

இதைப் போலந்தின் தனிப் பெருந்தன்மையாகக் காட்டுவதும் தவறு. ஆஸ்திரியாவில் 1244, ஹங்கேரியில் 1251, பொஹீமியாவில் 1254 எனப் பிறந்த சாசனங்களே இதற்கு முன்மாதிரி. யூதர்கள் ஆள்பவரின் கருவூலத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே இவற்றின் அடிப்படை. அவர்கள்மேல் கைவைத்தால் அரசரின் வருவாயில் கைவைத்ததாகும்.

சாசனத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் அதன் விதிகளைப் படித்தே ஆக வேண்டும். ‘சகிப்புத்தன்மை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் எதுவும் விளங்காது. பெரும்பகுதி அடகுத் தொழிலைப் பற்றியது: எதை அடகு பிடிக்கலாம், வழக்கு வந்தால் யார் சத்தியம் செய்வது என்று. இரத்தக்கறை படிந்த துணியும் தேவாலயப் பொருள்களும் விலக்கு. கிறிஸ்தவச் சாட்சி மட்டும் போதாது, யூதச் சாட்சியும் வேண்டும். குழந்தையைக் கொன்றதாகப் பழி சுமத்தினால் மூன்று கிறிஸ்தவர்களும் மூன்று யூதர்களும் சாட்சி சொல்ல வேண்டும்; நிரூபிக்காவிட்டால் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனை பழி சுமத்தியவருக்கே. தொழுகைக்கூடத்தில் கல்லெறிந்தால் அபராதம் இரண்டு தாலந்து (பழைய எடை அளவு) மிளகு. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பல கை மாறிப் போய்ச் சேர்ந்த மிளகு அங்கே பணத்துக்குச் சமம்.

ஆனால் விதி இருந்தது என்பதற்காக வாழ்க்கையும் அப்படியே இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. மூன்றே ஆண்டில், 1267-இல், வ்ரோட்ஸ்வாஃபில் கூடிய திருச்சபை மன்றம் யூதர் குடியிருப்பைச் சுவராலோ வேலியாலோ பிரிக்க வேண்டும், யூதர்கள் தனித் தொப்பி அணிய வேண்டும் என்றது. அதுவும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1407-இல் கிராக்கோவில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். 1453-இல் மன்னர் நான்காம் கஸிமிர் உரிமைகளை உறுதிசெய்தார். மறு ஆண்டே, டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியத் துறவிப் படையோடு போர் நடந்தபோது, பிரபுக்களின் படை தேவைப்பட்ட நெருக்கடியில் நியெஷாவா என்ற ஊரில் அவற்றைத் திரும்பப் பெற்றார். திருச்சபையின் அழுத்தமும் அதில் சேர்ந்திருந்தது. எனவே எந்தச் சாசனத்தைச் சொன்னாலும் அதைத் தந்தவர், ஆண்டு, பகுதி, எவ்வளவு காலம் நிலைத்தது என நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாம் கஸிமிரின் ஆதரவுக்கு எஸ்தெர்கா என்ற யூதக் காதலியைக் காரணம் காட்டுவார்கள். அவள் கதை 15-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் துவுகோஷின் எழுத்தில் வருவது. கஸிமிரோ 1333-இல் பட்டத்துக்கு வந்து மறு ஆண்டே சாசனத்தை உறுதிசெய்துவிட்டார். உப்புச் சுரங்கக் குத்தகை எடுத்த கிராக்கோ வட்டிக்கடைக்காரர் லெவ்கோவைப் பார்த்தால் அரசருக்கு யூதர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது இன்னும் தெளிவாகப் புரியும்.

போலந்து யூதர்களின் தன்னாட்சி அமைப்பான நான்கு நாடுகளின் மன்றத்தை இடைக்காலத்தில் வைக்காதீர்கள். அது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ‘யூதர்களின் சொர்க்கம்’ என்ற தொடர் அதற்கும் பிந்திய வசைப்பாட்டிலிருந்து வந்தது, பாராட்டாகச் சொன்னதல்ல.

கடைசியாக, 1495-ஐக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு போலந்து மன்னர் யான் ஓல்பிராக்ட் கிராக்கோ யூதர்களைப் பக்கத்து நகரமான கஸிமியெஷுக்கு மாற்றினார். அன்று அது தனி நகரம். நாட்டைவிட்டே வெளியேற்றியது லித்துவேனியாவில், அதை ஆண்ட அவர் தம்பி அலெக்சாண்டர். அங்கிருந்தவர்கள் 1503-இல் திரும்பிவர அனுமதிக்கப்பட்டார்கள்.