பீலித் தண்ணி குறையுதா? ஊத்துக்கண்ணையும் அதுக்கு மேல இருக்கிற காட்டையும் பாத்துக்கிறது இப்பிடித்தான்

மாசி பங்குனி வந்தா நம்ம மலையகத்து தோட்ட லயத்துல, அதான் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, ஊத்துத் தண்ணி வந்து விழுற பீலிக்கரையில குடம் வரிசையா நிக்கும், எல்லாரும் தண்ணி கொறைஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவாங்க, ஆனா போன வருசத்தவிட எவ்வளவு கொறைஞ்சிச்சுன்னு கேட்டா யாருகிட்டயும் கணக்கு இருக்காது. அதனால மரம் நடுறதுக்கு முன்னாடி அளக்கப் பழகுங்க.

10 லீட்டர் வாளி ஒண்ணு, போன்ல ஸ்டாப்வாட்ச், ஒரு கொப்பி, இவ்வளவுதான் சாமான். ஊத்துத் தண்ணி டாங்கிக்குப் போறதுக்கு முன்னாடி, பக்கத்துல சிந்தாம முழுசா வாளில விழுற மாதிரி புடிங்க. மூணு தடவை புடிச்சு சராசரி எடுங்க, வாளி நிறைய 25 செக்கன் ஆச்சுன்னா நிமிசத்துக்கு 24 லீட்டர். வாரத்துக்கு ஒருநாள், திங்கள்னா எப்பவும் திங்கள்லயே எழுதுங்க. மழைக்காலத்துல தண்ணி எப்பிடியும் வரும், காடு நல்லாருக்கா இல்லையான்னு காட்டிக்குடுக்கிறது அந்த வெயில் மாசத்து கணக்குதான்.

மழையையும் அளங்க. நேரா இருக்கிற போத்தல்ல வாய்ப்பக்கத்த வெட்டி புனல் மாதிரி கவுத்து வச்சு, அடியில கல்லு போட்டு நேரான இடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அதை பூச்சியம்னு கோடு போட்டு, பக்கத்துல அடிமட்டம் ஒட்டிருங்க, தினமும் காலையில ஒரே நேரத்துல பாத்துட்டு திரும்ப கோடு வரைக்கும் கொண்டுவாங்க. இது உயிர் விசயம். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா சரிவுல இருக்கிறவங்க முழிப்பா இருக்கணும், 100 தாண்டினா வெளிக்கிட ரெடியா, 150 தாண்டினா வீட்டை விட்டு வெளியேறணும்னுதான் மண்சரிவு எச்சரிக்கையே குடுக்கிறாங்க. 2014ல மீரியபெத்தை தோட்டத்துல லயங்கள மூடின மண்சரிவ நாம மறக்க ஏலாது. அளவு எட்டலைன்னாலும் நிலத்துல வெடிப்பு கண்டா, புது இடத்துல சேத்துத்தண்ணி வந்தா, காத்திருக்காதீங்க.

ஓடையில கல்ல மெதுவா புரட்டிப் பாருங்க. வால்ல ரெண்டு மூணு நூல் மாதிரி நீட்டிக்கிட்டு தட்டையா ஓடுற பூச்சி, மணல ஒட்டி சின்னக் கூடு கட்டிக்கிட்டு இருக்கிற புழு, இதெல்லாம் இருந்தா தண்ணி நல்லாருக்கு. வெறும் சிவப்புப் புழுதான்னா மேல ஏதோ அழுக்கு சேருது. பாத்துட்டு கல்ல இருந்த மாதிரியே வைங்க. மழைக்கப்புறம் ஓடை செம்மண் கலர்ல வந்தா மேல ஏறிப் போய் எந்தக் கான், அதான் மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால், உடைஞ்சிருக்குன்னு பாருங்க, பலதடவை ஒரு கான திருத்துறது நூறு கன்னு நடுறதவிட பெரிய பலன் குடுக்கும்.

நடுறதுன்னா தோட்டத்துலயும் வனத் திணைக்களத்துலயும் அனுமதி வாங்கிட்டு நடுங்க. ஊத்துப் பக்கம் யூக்கலிப்டஸ் வேண்டவே வேண்டாம், தண்ணிய ரொம்ப இழுக்கும். தானா முளைச்சு நிக்கிற காட்டுக்கன்ன முதல்ல தேடி குச்சி நட்டு காப்பாத்துங்க, அதுக்கு வேர் ஏற்கனவே புடிச்சிருக்கு. பத்தாத இடத்துல மட்டும் சிங்களத்துல தம்ப, கீனன்னு சொல்ற மேல்மலை மரங்கள வைங்க. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே ஜூன் மழைக்கு, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் நவம்பருக்கு.

நாங்க முதல் தடவை நட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம், ஆறு மாசம் கழிச்சு போனா மானாப் புல்லு மூடி பாதிக்கு மேல காணோம், நெஞ்சு வலிச்சிச்சு. அதனால மூணு வருசமாவது, ஒவ்வொரு கன்னச் சுத்தியும் ஒரு மீட்டர் அளவுக்கு கையால புல்லு வெட்டி அதையே அடியில போடுங்க, ஓடை ஓரத்துல மருந்து அடிக்க விடாதீங்க. தனியா போகாதீங்க, புல்ல வெட்டுறதுக்கு முன்னாடி குளவிக்கூடு இருக்கான்னு மேலயும் கீழயும் பாருங்க.

கொப்பிய பீலிக்குப் பக்கத்து வீட்டுலயே வைங்க, அப்பத்தான் நீங்க கொழும்புக்கு வேலைக்குப் போனாலும் அடுத்த வாரம் யாராவது எழுதுவாங்க.