சீன உணவகத்தில் கூட்டமாகச் சாப்பிடும்போது

ஆளாளுக்குத் தனித் தட்டு வாங்காதீர்கள். சீனச் சாப்பாடு நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதற்கானது. எல்லோருக்கும் பொதுவாக, தலைக்கு ஒரு பதார்த்தம் என்று கணக்கு வையுங்கள். சூப்பும் சோறும் இந்தக் கணக்கில் சேராது. எட்டுப் பேரைத் தாண்டினால் வகையைக் கூட்டுவதைவிட, பிடித்ததில் இரண்டு தட்டு வாங்குவதே மேல்.

சமைக்கும் முறை மாறி மாறி வரட்டும்: ஆவியில் வெந்த முழு மீன், காரமான மாப்போ தோஃபு (சோயா பனீர் குழம்பு), பூண்டு போட்டு வதக்கிய கீரை, குளிர்ந்த வெள்ளரிக்காய். எல்லாமே பொரித்ததாக இருந்தால் சீக்கிரமே திகட்டிவிடும். பீக்கிங் வாத்து வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பதப்படுத்தி உலர்த்திச் சுட நேரம் பிடிக்கும்.

மீன் வந்ததும் முதலில் அதைத் தொடுங்கள். மேலே ஊற்றிய சூடான எண்ணெயும் சோயா சாஸும் ஆறினால் கவுச்சி தலைகாட்டும். கீரையும் காத்திருக்காது, தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும்.

சைவக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்: மாப்போ தோஃபுவில் வழக்கமாகக் கொத்திறைச்சி சேரும், கீரையில் சிப்பி சாஸ் இருக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. சாஸ், சூப்புச் சாறு இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மேசை நடுவிலுள்ள சுழல் தட்டைத் திருப்புமுன் யாராவது எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பரிமாறப் பொதுக் கரண்டி கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பதை நினைவூட்டும்.