அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று சர்டிபிகேட் வாங்கக் கிளம்புமுன்

அப்பா போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை டெல்லிக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். மயூர் விஹாரில் நாலாவது மாடி, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. கொஞ்ச நாளில் "அம்மாவுக்கு மனசு சரியில்லை" என்று பேச்சு கிளம்புகிறது, அதுவும் ஊர் வீட்டை விற்க அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன பிறகு.

டாக்டர் எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் இருப்பதாக டாக்டர் சொல்வதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். பவர், அதாவது அம்மா சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிவிட்டோமே என்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நீங்களே நிரூபித்தால், ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அந்தப் பவரும் சேர்ந்து செத்துப்போகும்.

அடுத்தது, டாக்டர் அறையில் மகனே மொழிபெயர்ப்பது. டாக்டர் இந்தியில் தேதி, மாதம், எத்தனையாவது மாடி என்று கேட்கிறார். "புரட்டாசி, நாளைக்கு ஏகாதசி" என்கிறார் அம்மா. மகன் அதை "தேதி தெரியலை" என்று மாற்றிச் சொல்கிறான். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் திணறத்தான் செய்வார், காது மெஷின் வீட்டில் கிடந்தால் கேள்வியே விழாது. தமிழ் தெரிந்த டாக்டரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் சொத்தில் பங்கில்லாத யாரையாவது கூட்டிப்போங்கள்.

ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் முடிவு கட்டாதீர்கள். சோடியம் குறைவு, தைராய்டு, பி12 குறைபாடு, சிறுநீர்த் தொற்று எல்லாமே வயதானவர்களைக் குழப்பும், சிகிச்சையில் பெரும்பாலும் தெளிந்தும் விடும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று உளறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். புருஷன் படத்தோடு பேசுவது துக்கம், அதற்கெல்லாம் பைத்தியக்காரப் பட்டம் கட்டாதீர்கள்.

வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா? இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கப்படுபவர் பெண் என்றால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

உண்மையாகவே மறதி நோய் முற்றியிருந்தால்? அப்போதும் வீட்டை விற்கக் குறுக்குவழி கிடையாது, காப்பாளராக நியமிக்கச் சொல்லி ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அம்மாக்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. பிள்ளைதானே என்று தானப் பத்திரம் எழுதும்போது "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அது இருந்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14567-க்கு போன் போடுங்கள், அது முதியோருக்கான இலவச உதவி எண்.