இன்லைன் ஸ்கேட்டில் பட்டம் பிடிக்கும்போது அடிபடாமல் விழ

பெரிய பட்டம் காற்றில் இழுக்க, இன்லைன் ஸ்கேட்டில் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ) ஓடும் விளையாட்டு இது. முதலில் சாதாரண ஷூவில் நின்றே பட்டத்தை ஆட்டிப் பழகுங்கள். தொடக்கத்துக்கு 2 சதுர மீட்டர் பட்டமும் மணிக்கு 12–18 கி.மீ. காற்றும் போதும், இடுப்பு ஹார்னஸ் (பட்டத்தை உடம்போடு இணைக்கும் பட்டை) வேண்டாம். பட்டத்தைச் சட்டென்று தலைக்கு மேலே கொண்டுபோனால் ஆளையே தூக்கும். பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள்.

விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். முழங்காலை மடக்கி, முட்டிக் கவசத்தில் இறங்கிச் சறுக்குங்கள். மணிக்கட்டுக் கவசத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு தரையில் வழுக்கிக்கொண்டு போகும், அடி குறையும். பின்பக்கம் விழுவதுதான் மோசம். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது.

தடுமாறினால் கைப்பிடிகளை விட்டுவிடுங்கள். நாலு கயிற்றுப் பட்டத்தில், மணிக்கட்டில் மாட்டிய பாதுகாப்புக் கயிறு பிரேக் கயிறுகளை (பட்டத்தின் பின்விளிம்பில் கட்டியவை) பிடித்திழுக்க, பட்டம் துவண்டு கீழே விழும். அந்த நேரத்தில் விட மனசு வராது! ஸ்கேட் இல்லாமல் பத்து தடவையாவது விட்டுப் பாருங்கள்.