ஓடும் படகின் எஞ்சின் நின்று, மீண்டும் கிளம்ப மறுத்தால்

நடுநீரில் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே பொருத்தப்படும்) பெட்ரோல் எஞ்சின் திடீரென நின்றுவிட்டால், படகு பாறைப் பக்கமோ பிற படகுகளின் பாதையிலோ அடித்துச் செல்லப்படாதிருக்க முதலில் நங்கூரத்தை இறக்குங்கள். பழுதைப் பிறகு பார்க்கலாம். அடுத்து, ஓட்டுபவர் தன்னோடு மாட்டிக்கொள்ளும், கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சிலிருந்து கழன்றுள்ளதா, கியர் நியூட்ரலில் உள்ளதா என்று கவனியுங்கள். இவற்றைப் பார்க்காமலே எஞ்சின் மூடியைக் கழற்றுவது வீண் வேலை.

பெரும்பாலும் கோளாறு எரிபொருள் வரும் வழியில்தான் இருக்கும். தனி டேங்க் என்றால், அதன் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறக்கப்படாதபோது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சற்று நேரம் நன்றாக ஓடிய எஞ்சின் திணறி நின்றுவிடும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழ் சப்பிப்போயிருப்பதே இதற்கு அடையாளம். திருகைத் தளர்த்தி, குமிழின் அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகாவிட்டால், பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அல்லது ஏதேனும் ஓர் இணைப்பில் காற்று புகலாம். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் நீர் தனிப் படலமாகத் தெரிந்தால், அதைப் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.

பெட்ரோல் நெடி பலமாக அடித்தால், கசிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யும் வரை ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. கசிவில்லை என்றால், கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் மிகுந்திருக்கக்கூடும். சில நிமிடங்கள் விட்டு, சோக் இன்றி, த்ராட்டிலைத் திறந்துவைத்துக் கிளப்பிப் பாருங்கள். நிற்பதற்கு முன் வெப்ப எச்சரிக்கை ஒலித்திருந்தால், நீர் உள்ளிழுக்கும் துளைகளைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா என்று பார்த்து நீக்கி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மீண்டும் முயலுங்கள்.