சட்டத்தில் இருக்கும்வரை பத்திரம்: டாங்கி மாடலில் பொடிப் பாகங்களும் நாம் செய்யும் தவறுகளும்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு மொசைக் தரை. கறுப்பு, வெள்ளை, சாம்பல் எல்லாம் கலந்த புள்ளித் தரை. டி-55 டாங்கி மாடலின் பெட்டிக் கொக்கி ஒன்று, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கான 1/35 அளவில் சீரகத்தைவிடச் சிறியது, ஒரு மே மாதம் அதில் விழுந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய சிவப்புக் காவித் தரையாக இருந்திருந்தால் சாம்பல் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

"கை நடுங்குது, எனக்கு இதெல்லாம் வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். என் கையும் நடுங்கும். ஆனால் நான் தொலைத்த, உடைத்த பாகங்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் அவசரத்தில் போனவை. ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பாகம் பத்திரமாக இருக்கிறது. வெட்டி எடுத்த நொடியிலிருந்து ஒட்டி முடிக்கும்வரைதான் ஆபத்து. நாமோ முதல் வேலையாக வெட்டிவிடுகிறோம்; அப்புறம்தான் எங்கே வரும், எந்தப் பக்கம் மேலே என்று குறிப்புத்தாளைப் பார்க்கிறோம்.

அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய கோட்டைச் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, ஊசித் துளை போடுவது, முடிந்தால் பெயின்ட் அடிப்பதுகூட, எல்லாம் சட்டத்திலேயே நடக்கட்டும். ஒட்டப்போகும் இடத்தையும் பாகம் இல்லாமலே ஒருமுறை பார்த்துத் தயார் செய்துவிட்டு, கடைசியாக வெட்டுங்கள்.

வெட்டும்போது நிப்பரை, அதாவது சின்ன வெட்டுக் குறடை, பாகத்தை ஒட்டி வைப்பது அடுத்த தவறு. நிப்பரின் வாய் மூடும்போது பிளாஸ்டிக்கைத் தள்ளும். மெல்லிய கைப்பிடிக் கம்பி அந்த அழுத்தத்தில் நடுவில் முறியும், அல்லது பறக்கும். சுற்றியிருக்கும் தடித்த சட்டத்தை முதலில் வெட்டி இறுக்கத்தை எடுத்துவிடுங்கள். பிறகு பாகத்தை டைல்ஸ் துண்டின் மேல் படுக்கவைத்து, புது பிளேடால் மெதுவாக அழுத்தி வெட்டலாம். இன்னொரு கையின் விரல் பாகத்தின் மேல் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பறப்பது எப்போதும் தரைக்கே போகும் என்று சொல்ல முடியாது.

பித்தளைத் தகட்டுப் பாகங்கள், அதாவது ஃபோட்டோ எட்ச், தனி உலகம். பச்சை கட்டிங் மேட்டின் மேல் வைத்து வெட்டினால் மேட் அமுங்கும், தகடு வளையும். இதற்கும் டைல்ஸ்தான். மடிக்கும் கோடு பெரும்பாலும் மடிப்பின் உள்பக்கம் வரும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் மடித்து, தவறென்று தெரிந்து திருப்பி மடித்தால் இரண்டாவது மூன்றாவது தடவையில் முறிந்துவிடும். வளைவான பாகமாக இருந்தால் நகைப் பட்டறையில் செய்வதைப்போல நெருப்பில் காட்டி, நிறம் மாறியதும் எடுத்து ஆறவிட்டால் தகடு இளகிக் கொடுக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை; அதன் மேல் தகட்டை வைத்து ஒரு கம்பியை உருட்டினால் அழகாக வளையும். எல்லாத் தகட்டையும் சுடாதீர்கள். நேராக விறைத்து நிற்க வேண்டியதைச் சுட்டால் அது துவண்டே கிடக்கும்.

இன்னொன்று: பெட்டியில் தகடு வந்துவிட்டது என்பதற்காக அத்தனையையும் மாட்ட வேண்டுமா? 0.2 மில்லிமீட்டர் தகடு 1/35 அளவில் 7 மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம். வலைக்கம்பிக்கும் பட்டைக்கும் அது அருமையாக இருக்கும். உருண்டையான கைப்பிடிக்குத் தட்டைத் தகட்டை ஒட்டினால் வெட்டின அட்டைபோலத்தான் தெரியும். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கே மேல், இல்லாவிட்டால் செம்புக் கம்பி.

பசையில்தான் வேலூர் வெயில் நம்மைப் படுத்தும். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை இளக்கி இணைப்பது; பித்தளையில் அது பிடிக்காது, சூப்பர் க்ளூதான் வேண்டும். அது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தை வைத்து இறுகுகிறது. அதனால் அக்னி நட்சத்திரத்து வறண்ட மதியத்தில் நேரம் எடுத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் சட்டென்று பிடித்து, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் விடும். வெயில் காலத்தில் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும்.

குழாயிலிருந்து நேராக மாடலில் சொட்டு விடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய கெடுதல். ஒரு சொட்டில் பத்துக் கொக்கிகளை ஒட்டலாம்! பழைய டைல்ஸில் ஒரு சொட்டு வைத்துக்கொள்ளுங்கள். தையல் ஊசியின் காதை நுனியில் அராவித் திறந்துவிட்டால் சின்னக் கவை கிடைக்கும். அதில் தேவையான அளவு பசை மட்டும் நிற்கும், தொட்டு வைத்தால் இறங்கும்.

சாமணத்தால் இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். பிடி இறுகஇறுகப் பாகம் வழுக்கி, புளியங்கொட்டைபோலத் தெறிக்கும். கல் பதிக்கும் ஆசாரிகள் பொடிக் கற்களைத் தேன்மெழுகு வைத்த குச்சியால் எடுப்பார்கள். பல்குச்சி நுனியில் துளி தேன்மெழுகு வைத்தால் நமக்கும் அதே வசதி. பட்டறையில் மேஜைக்கும் மடிக்கும் நடுவில் துணி கட்டிக்கொள்வதையும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். பழைய வேட்டியின் ஒரு ஓரம் மேஜையில், மறு ஓரம் இடுப்பில்.

மின்விசிறி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போட்டால் தகடு பறக்கிறது, நிறுத்தினால் வேர்வை மாடல் மேலேயே சொட்டுகிறது. பொடி வேலைக்குக் காலை 5 மணிதான் சரி.

தொலைந்தே போனால் உடனே நாற்காலியை நகர்த்தாதீர்கள், மிதித்துவிடுவோம். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். பொடிக்கும் நீள நிழல் விழும். வீட்டில் யாரும் பெருக்குவதற்கு முன் சொல்லிவைப்பதும் அவசியம். என் டாங்கியின் பாதி, முறத்தில் ஏறித் தெருவுக்குப் போயிருக்கிறது.

கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. வெட்டிப்போட்ட ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடி கனத்தில் ஆன்டெனா கிடைக்கும். கெட்டுப்போன சார்ஜர் வயரை உரித்தால் உள்ளே கைப்பிடிக்கு ஏற்ற செம்பு இழைகள். என் டி-55 பெட்டியில் இப்போது இருக்கும் கொக்கி அப்படிச் செய்ததுதான். ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியைப் பட்டாளத்தில் வருஷக்கணக்கில் ஓட்டிய பெரியப்பா மாடலை நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். கொக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இழுவைக் கயிறு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார்.