தவில் வித்துவான் ஒருவரின் விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திருத்துவது எப்படி?

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவில் வாசிக்க நேரில் கேட்டவர்கள் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். மற்றவர்களுக்கு அவர் பழைய நாடாப் பதிவுகளின் வழியாகத்தான் அறிமுகம். அப்படிக் கேட்டு மயங்கிய ரசிகர் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, நெஞ்சு நிறைந்து ஒரு பந்தி சேர்ப்பார். இரண்டு நாளில் அது நீக்கப்பட்டிருக்கும். நீக்கியவருக்குத் தவில் மேல் பகை எதுவும் இல்லை. சான்றில்லாத புகழ்ச்சியோடு கலந்து கிடந்தால் நல்ல தகவலும் சேர்ந்தே போய்விடும். அப்படிப் போகாதபடி எழுதும் முறையை இங்கே பார்ப்போம். அவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். நாதஸ்வர வித்துவானுக்கும் பொப்பிசைப் பாடகருக்கும் இதே முறைதான்.

1. முதலில் சான்று

கணினியைத் திறக்கும் முன் கையில் குறைந்தது இரண்டு அச்சுச் சான்றாவது இருக்கட்டும். தேட வேண்டிய முதல் இடம் நூலகம் இணையத்தளம். ஈழநாடு, மல்லிகை போன்றவற்றின் பழைய இதழ்கள் அங்கே வருடிப் போடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இதழ்கள் படமாகவே இருப்பதால் உள்ளே உள்ள சொற்களைத் தேடுபொறி பெரும்பாலும் காட்டாது. வித்துவான் மறைந்த மாதத்து இதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வழி.

அடுத்தது வீட்டு அலுமாரி. அந்தியேட்டி என்னும் இறுதிச் சடங்கன்று வெளியிடும் கல்வெட்டில், அதாவது நினைவு மலரில், பிறந்த ஊர், பெற்றோர், குருமார், மறைந்த திகதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அது குடும்பத்தார் வெளியிடுவது. திகதிக்கும் உறவுமுறைக்கும் அதை எடுக்கலாம், "ஈடு இணையற்றவர்" என்பதற்கு எடுக்கக் கூடாது. கோயில்களின் கும்பாபிஷேக மலர்களையும் மறக்க வேண்டாம். அந்தக் கோயிலில் சேவகம் செய்த மேளக்காரர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று அவற்றில் அடிக்கடி இருக்கும். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது போனவை திரும்பி வராது. அதனால் வீடுகளில் மிஞ்சியிருக்கும் இந்த மலர்களுக்குப் பெறுமதி அதிகம்.

வலைப்பூக்களையும் முகநூல் பதிவுகளையும் சான்றாக வைக்காதீர்கள். அவற்றில் பல விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்தவை. அதையே திரும்பக் கொண்டுவந்து ஒட்டினால் ஒரு பிழை தனக்குத் தானே சாட்சி சொன்னதாகிவிடும்.

2. கணக்கும் மணல்தொட்டியும்

கணக்குத் தொடங்க ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். சபா அல்லது நிறுவனத்தின் பெயரில் தொடங்கினால் விளம்பரக் கணக்கென்று தடுக்கப்படலாம். உள்நுழைந்ததும் மேலே தெரியும் மணல்தொட்டி என்னும் சோதனைப் பக்கத்தில் உங்கள் பந்தியை எழுதிப் பாருங்கள். பிறகு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தையும் வரலாற்றையும் படியுங்கள். நீங்கள் சேர்க்க நினைப்பதை முன்பே ஒருவர் சேர்த்து, இன்னொருவர் காரணம் சொல்லி நீக்கியிருக்கக் கூடும்.

நீங்கள் வித்துவானின் உறவினர் அல்லது மாணவர் என்றால், கட்டுரையை நேரே தொடாமல், பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லி, சான்றோடு மாற்றத்தை முன்வையுங்கள்.

3. வசனம் எழுதுதல்

இங்கேதான் பெரும்பாலான திருத்தங்கள் விழுகின்றன. இப்படி ஒரு வசனத்தைப் பாருங்கள்: "தவில் உலகின் எட்டாவது அதிசயமான இவர் தன் மந்திர விரல்களால் ரசிகர்களைக் கட்டிப்போட்டார்." இதில் சரிபார்க்கக்கூடிய செய்தி ஒன்றுமில்லை. "எட்டாவது அதிசயம்" என்று உண்மையிலேயே ஒரு வித்துவான் பாராட்டியிருந்தால், சொன்னவர் யார், எந்த மலரில், எந்தப் பக்கத்தில் என்று காட்டி, அவர் சொன்னதாகவே எழுதுங்கள். அப்போது அதே புகழ்மொழி கட்டுரையில் நிலைத்து நிற்கும்.

புகழ்ச்சியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தயங்க வேண்டாம். யாரிடம் பயின்றார், எந்த நாதஸ்வர வித்துவான்களோடு வாசித்தார், எந்தத் திருவிழா மேளச்சமாவில் (மேளக் கச்சேரியில்), எந்த ஆண்டு, தாளக் கணக்கில் அவர் கையாண்ட முறை பற்றி அறிந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பவையெல்லாம் இருக்கின்றன. ரசிகருக்கும் இவைதான் உண்மையான விருந்து. இலயத்தைப் பற்றிய இரண்டு நல்ல வசனங்கள், பட்டங்களின் நீண்ட பட்டியலை விட அவரை நன்றாகக் காட்டும்.

மூல வசனங்களை அப்படியே பெயர்த்து ஒட்டாதீர்கள்; அது பதிப்புரிமை மீறல். படித்து, தாளை மூடி, உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

4. திகதி

கல்வெட்டுகளில் தமிழ் ஆண்டு இருக்கும். ஸ்ரீமுக ஆண்டு 1933 சித்திரையில் தொடங்கி 1934 பங்குனியில் முடிகிறது. ஸ்ரீமுக ஆவணியில் பிறந்தவருக்கு 1933. அதே ஆண்டு மாசியில் பிறந்தவருக்கு 1934. மார்கழி என்றால் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். திகதி கட்டுரையில் மூன்று இடத்தில் வரும்: முதல் வசனம், தகவற்பெட்டி, அடியில் உள்ள "1933 பிறப்புகள்" போன்ற பகுப்பு. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றுங்கள். சான்றுகள் முரண்பட்டால் இரண்டு திகதிகளையும் சான்றோடு கொடுங்கள். நீங்களே நடுவராக வேண்டாம்.

5. மேற்கோள்

வசனத்தின் முற்றுப்புள்ளிக்குப் பின் சுட்டியை வைத்து மேற்கோள் பொத்தானை அழுத்துங்கள். இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் கருவி தானாக நிரப்புவது அரைகுறையாக இருக்கும்: பத்திரிகையின் பெயர் வர வேண்டிய இடத்தில் இணையத்தளத்தின் பெயர் வந்து நிற்கும். ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, இதழ், திகதி, பக்கம் ஆகியவற்றைக் கையால் நிரப்புங்கள். முகவரி நாளை மாறினாலும் இந்த விவரங்களை வைத்து இதழைக் கண்டுபிடித்துவிடலாம்.

6. பெயர், படம்

தெட்சணாமூர்த்தி, தட்சிணாமூர்த்தி, தட்சணாமூர்த்தி என்று மூன்று விதமாகவும் தேடுவார்கள். இல்லாத எழுத்துக்கூட்டலைத் தேடினால் சிவப்பு இணைப்பு வரும். அதைத் திறந்து #வழிமாற்று [[கட்டுரையின் தலைப்பு]] என்று எழுதிச் சேமியுங்கள். வேறு கலைஞர்களும் இந்தப் பெயரில் உண்டு, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையைப் போல. எனவே ஊர்ப்பெயரில்லாத தலைப்பை உங்கள் வித்துவானுக்கு மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

பழைய படத்தைப் போனில் எடுத்துப் போட்டால் அது உங்கள் படமாகாது. இலங்கைச் சட்டப்படி உரிமை, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டாம்.

7. சேமித்த பின்

தொகுப்புச் சுருக்கத்தில் "பிறந்த ஆண்டு, ஈழநாடு சான்றுடன்" என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். ஒரே தடவையில் முழுக் கட்டுரையையும் மாற்றாமல் பந்தி பந்தியாகச் சேமித்தால், ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றவை தப்பும். கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் திருத்தத்தை யாராவது மீளமைத்தால், அதாவது பழைய நிலைக்குத் திருப்பினால், நீங்களும் திரும்ப மீளமைக்க வேண்டாம். பேச்சுப் பக்கத்தில் சான்றின் பக்க எண்ணோடு கேளுங்கள். பதில் வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு குறிப்பு இடுங்கள், அனுபவமுள்ள பயனர் யாராவது வந்து பார்ப்பார்.